தொழிற் பரீட்சையில் நியாய ஏற்பாடு கேட்கும் முறை



நாட்டுப் பேரேட்டில் வரவு செலவு எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்து, அத்துடன் கணக்கு முடிந்தது என்றிருந்த காலம் மலைந்துவிட்டது. இன்று கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்யவும், வரிக் கணக்கைச் சமர்ப்பிக்கவும் தேர்ச்சி பெற்றவர்களின் துணை வேண்டியிருக்கிறது. நாணயமாற்றுத் தொழிலில் இருப்போருக்குப் பணச்சலவைத் தடுப்பு விதிகளைக் கற்றறிந்த ஆள் தேவைப்படுகிறது. ஆகவே நம் பிள்ளைகளிலும் கடைச் சிப்பந்திகளிலும் பலர் பகலில் கடையிலும் இரவில் புத்தகத்திலுமாக இருந்து தொழிற் பரீட்சைகளுக்குப் படித்து வருகிறார்கள். எல்.ஸி.ஸி.ஐ. என்னும் லண்டன் வர்த்தக சபைப் பரீட்சையின் பெயர் நம் வர்த்தகர்களுக்குப் பழக்கமானதே. 1904ஆம் ஆண்டு லண்டனில் தோன்றிய ஏ.ஸி.ஸி.ஏ. கணக்கர் சங்கத்தின் பரீட்சை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு தவணை நடைபெறுகிறது.

இப்பரீட்சைகளை எழுதுவோரில் சிலர் பாடத்தை நன்கு அறிந்திருந்தும் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள். ஒருவருக்குக் கண் பார்வை மங்கல், ஒருவருக்கு விரல்களில் நடுக்கம், ஒருவருக்கு நீரிழிவு, இன்னொருவருக்கு எழுத்துக்களை விரைந்து வாசிக்க இயலாத ‘டிஸ்லெக்ஸியா’ என்னும் இடர்ப்பாடு. காரணம் இன்னதென்று ஆராயாமல், ‘பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, கல்லாவில் உட்காரட்டும்’ என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். கட்டிய கட்டணம் போகிறது. இரண்டு மூன்று ஆண்டு உழைப்பும் போகிறது. அதைவிட, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றி விடுகிறது. முன்கூட்டி ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அந்த விண்ணப்பத்தை யாரிடம், எப்போது, எவ்வாறு எழுதுவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பரீட்சை எதை நிறுக்கிறது?

மூட்டையைத் தராசில் வைத்து நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழித்துத்தான் சரக்கின் எடையைச் சொல்கிறோம். சாக்கைக் கழிப்பதால் வாங்குபவருக்குச் சலுகை காட்டியதாகாது. விற்பவருக்கு அநியாயம் செய்ததுமாகாது. சரக்கின் உண்மையான எடை அப்போதுதான் தெரிகிறது. பரீட்சையும் ஒரு தராசு. கணக்கியல் பரீட்சை கணக்கறிவை நிறுக்க வேண்டும். கண்ணின் கூர்மையையும் விரலின் வேகத்தையும் சேர்த்து நிறுத்து அதற்குக் ‘கணக்கறிவு’ என்று பெயரிடலாகாது.

இந்தக் கழிவுக்கு ஆங்கிலத்தில் பல பெயர்கள் உண்டு. இங்கிலாந்து ஸ்தாபனங்கள் ‘ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்’ என்றும் ‘அக்ஸஸ் அரேஞ்ச்மென்ட்’ என்றும் சொல்லும். அமெரிக்க ஸ்தாபனங்கள் ‘டெஸ்டிங் அக்காமடேஷன்’ என்று சொல்லும். படிவத்தைத் தேடுகிறவர் இப்பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். நாம் இங்கு எல்லாவற்றையும் ‘நியாய ஏற்பாடு’ என்றே அழைப்போம்.

இதற்கு எல்லையும் உண்டு. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, தகுதிச் சான்று வழங்கும் ஸ்தாபனங்களுக்கு நியாய ஏற்பாடு செய்யும் கடமையை விதிக்கிறது. அதே சட்டம், ஒருவருக்குக் குறித்த திறமை இருக்கிறதா என்று அறிவதற்காக வைத்த அளவுகோலைத் தனியாகப் பாதுகாக்கிறது. அதாவது, வாசித்துக் காட்ட ஆள் கேட்கலாம். அந்த ஆள் வினாவை வாசிப்பாரேயன்றி விளக்கம் சொல்ல மாட்டார். எழுதித் தர ஆள் கேட்கலாம். நாம் சொன்னதை எழுதுவாரேயன்றி கூட்டிக் கழித்துத் தர மாட்டார். தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்வது நியாய ஏற்பாடு ஆகாது. ஆகவே இவ்வழியில் தேறிய ஒருவரை ‘சலுகையில் தேறியவர்’ என்று எவரும் இழித்துரைக்க இடமில்லை.

சட்டங்களும் அவற்றின் அளவும்

ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2006ஆம் ஆண்டு டிசம்பரில் உடற்குறை உள்ளோர் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. தொழிற் பயிற்சியிலும் முதியோர் கல்வியிலும் நியாய ஏற்பாடு வேண்டும் என்று அதன் 24ஆவது விதி கூறுகிறது. மலேசியா 2010லும் சிங்கப்பூர் 2013லும் இவ்வுடன்படிக்கையை உறுதி செய்தன. மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் 685ஆம் எண் சட்டம், அரசாங்க, தனியார் கல்வி ஸ்தாபனங்கள் நியாய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 28ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அது நிறைவேறியபோது மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு இல்லாமலே நிறைவேறியது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் உடற்குறையாளர் சட்டம், தொழில் உரிமத்துக்கும் சான்றிதழுக்கும் பரீட்சை நடத்துவோர் அதைக் குறையுள்ளோரும் எழுதக்கூடிய இடத்திலும் முறையிலும் நடத்த வேண்டும் என்று நேராகவே விதிக்கிறது.

அச்சட்டம் வெறும் காகிதமன்று என்பதற்கு ஒரு வழக்கைக் குறிப்பிடலாம். கலிபோர்னியாவில் ஸ்டெபனி என்யார்ட் என்ற சட்டப் பட்டதாரி கண் நோயினால் பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர். வழக்கறிஞர் பரீட்சையைக் கணினியில், எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருளையும் வாசித்துக் காட்டும் மென்பொருளையும் சேர்த்துப் பயன்படுத்தி எழுத அனுமதி கேட்டார். பரீட்சை ஸ்தாபனம் அதை மறுத்து, வாசிக்க ஓர் ஆள், ஒலித்தட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரை முதலியவற்றைத் தர முன்வந்தது. ‘அவை எனக்குப் பயன்படா’ என்று அவர் வழக்குத் தொடுத்தார். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மேல் முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. பரீட்சையின் முடிவு அவருடைய குறையைக் காட்டாமல் திறமையைக் காட்டுவதற்கு எந்த ஏற்பாடு மிக நன்றாக உதவுமோ அதையே தர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதில் நமக்குள்ள பாடம் யாதெனில், ‘ஏதேனும் ஓர் உதவி தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘இன்ன ஏற்பாடு, இன்ன காரணத்தால்’ என்று குறித்துக் கேட்க வேண்டும் என்பதே.

நிற்க. இங்கிலாந்துச் சட்டமோ அமெரிக்கச் சட்டமோ, பினாங்கிலும் சிராங்கூன் சாலையிலும் இருந்து எழுதுகிறவருக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது வழக்கறிஞர்கள் ஆராய வேண்டிய சங்கதி. நமக்கு முதலில் வேண்டியது அந்தந்த ஸ்தாபனம் தானே வெளியிட்டிருக்கும் விதி. வெளிநாட்டுப் பெரிய ஸ்தாபனங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அப்படியொரு விதியும் படிவமும் இருக்கின்றன. சட்டத்தை நீட்டுவதற்கு முன் படிவத்தை நிரப்புவதே வியாபாரிக்கு அழகு.

கேட்கக் கூடியவை எவை?

1. மிகை நேரம். நாற்பதில் பத்து என்பது போலக் கால்பங்கு கூட்டித் தருவதும், பாதி கூட்டித் தருவதும் வழக்கம். 3 மணி நேரப் பரீட்சைக்குக் கால்பங்கு என்றால் 45 நிமிஷம். பாதி என்றால் ஒன்றரை மணி.

2. கடிகாரத்தை நிறுத்திய ஓய்வு. இதில் எழுதும் நேரம் கூடாது. எழுந்து போகும் நேரம் குறையாது. நீரிழிவு, முதுகு வலி, சிறுநீரகக் கோளாறு உள்ளோருக்கு மிகை நேரத்தைவிட இதுவே பயன்படும்.

3. தனி அறை. கவனம் சிதறும் இயல்புடையோருக்கும், வாசித்துக் காட்டுவோர் துணை பெறுவோருக்கும் இது வேண்டும்.

4. பெரிய எழுத்து, திரையின் நிற மாற்றம், வாசித்துக் காட்டும் மென்பொருள், பிரெய்ல் ஆகியவை.

5. வாசிப்பவர், எழுதுபவர், சைகை மொழி பெயர்ப்பவர். காது கேளாதவர் கண்காணிப்பாளரின் அறிவிப்புகளை எழுத்தில் தரும்படியும் கேட்கலாம்.

6. இடவசதி. சக்கர நாற்காலி செல்லும் வழி, உயரம் மாற்றத்தக்க மேஜை, கழிப்பறைக்கு அருகிலுள்ள இருக்கை.

7. மருந்து, தண்ணீர், சிறு தின்பண்டம், சர்க்கரை அளவு பார்க்கும் கருவி ஆகியவற்றை உடன் வைத்திருக்க அனுமதி.

கடைசியாகச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. உலகெங்கும் பரீட்சை மையங்கள் நடத்தும் பியர்ஸன் வியூ கம்பெனி, முன் அனுமதி இல்லாமலே பார்வையிட்டு அனுமதிக்கும் பொருள்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர், உடலோடு இணைந்த இன்சுலின் பம்ப் போன்றவை அதில் அடங்கும். ஆனால் சர்க்கரை அளவைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறவர், தொலைபேசி உள்ளே போகாது என்பதை நினைத்து, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வாசலில் வாதாடிப் பயனில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சையில் பெற்ற ஏற்பாடு தொழிற் பரீட்சைக்குத் தானாகத் தொடர்ந்து வராது. புதிதாகக் கேட்க வேண்டும். தேவையும் மாறியிருக்கலாம். பேனா பிடிக்க முடியாதவருக்குப் பள்ளியில் எழுதுபவர் தேவைப்பட்டிருக்கும். கணினியில் எழுதும் பரீட்சையில் தட்டச்சுப் பலகையே அவருக்குப் போதுமாயிருக்கலாம். மாறாக, காகிதத்தில் இடர்ப்படாதவர் திரையை மூன்று மணி நேரம் பார்த்தால் தலைவலியால் துன்புறலாம். ஆகவே ஸ்தாபனம் இலவசமாகத் தரும் மாதிரிப் பரீட்சை இருந்தால், அதைக் கடிகாரம் வைத்து ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, எங்கே தடை உண்டாகிறது என்று குறித்துக்கொண்டு பிறகு கேட்பது உத்தமம்.

எப்போது, எந்த வரிசையில்?

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. நாம் முதலில் இடத்தைப் பதிவு செய்து, பணத்தைக் கட்டி, பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது உதவி கேட்கிறோம். பல ஸ்தாபனங்களின் முறை இதற்கு நேர் மாறானது. முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகே நாளும் இடமும் குறித்தல். ஏற்கெனவே நாள் குறித்தவர் அதை ரத்துச் செய்து மீண்டும் குறிக்க வேண்டி வரலாம்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஸ்தாபனத்துக்கு ஸ்தாபனம் மாறும். அதை ஸ்தாபனத்தின் சொந்த அறிவிப்பில் பார்க்க வேண்டும். பயிற்சிப் பள்ளிக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருக்கலாகாது. வைத்தியரிடம் கடிதம் வாங்கவும், ஸ்தாபனம் மேலும் விவரம் கேட்டால் அனுப்பவும் நாள் பிடிக்கும். படிப்பைத் தொடங்கும்போதே இவ்வேலையையும் தொடங்குவதே பாதுகாப்பு.

வீட்டிலிருந்து எழுதும் பரீட்சையில் எல்லா ஏற்பாடும் கிடைக்கா. வாசிப்பவரோ எழுதுபவரோ வேண்டுமென்றால் மையத்துக்குச் செல்ல நேரலாம். அதையும் கேட்டறிந்து கொள்க.

அனுமதிக் கடிதம் வந்ததும் வரிக்கு வரி வாசிக்க வேண்டும். சரக்கு வந்தால் பட்டியலோடு ஒத்துப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்திடுகிறோமா? கேட்டது மிகை நேரமும் தனி அறையும். தந்தது மிகை நேரம் மட்டும் என்றால் உடனே எழுதிக் கேட்க வேண்டும். பரீட்சை நாளில் கடிதத்தின் பிரதி கையில் இருக்கட்டும். அனுமதித்த ஏற்பாடு மையத்தில் இல்லாவிட்டால், பரீட்சை தொடங்கு முன்பே கண்காணிப்பாளரிடம் சொல்லிப் பதியச் செய்து, அன்றே ஸ்தாபனத்துக்கும் எழுத வேண்டும். முடிவு வந்து தவறிய பின் புகார் செய்தால் அதற்கு வலுக் குறைவு.

வைத்தியர் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

‘இவருக்கு இன்ன நோய், தக்க உதவி செய்க’ என்ற இரண்டு வரிச் சீட்டு போதாது. நோயின் பெயரைவிட, அது பரீட்சை மண்டபத்தில் என்ன செய்கிறது என்பதே ஸ்தாபனத்துக்கு வேண்டும். கடிதத்தில் இவ்வைந்தும் இருக்கட்டும்:

முதலாவது, குறையின் பெயர், அது எச்சோதனையால் கண்டறியப்பட்டது என்பது. இரண்டாவது, வாசித்தல், எழுதுதல், உட்காருதல், கேட்டல், கவனித்தல் ஆகியவற்றில் எதை, எவ்வளவு பாதிக்கிறது என்பது. மூன்றாவது, என்ன ஏற்பாடு, எவ்வளவு, ஏன் என்பது. நான்காவது, முன்பு பள்ளியிலோ வேலையிலோ பெற்ற ஏற்பாடு இருந்தால் அதன் விவரம். ஐந்தாவது, எழுதியவரின் தகுதி, முத்திரை, கையெழுத்து, தேதி.

கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது நலம். அக்குறையைப் பரிசோதிக்கத் தகுதி பெற்றவரே எழுத வேண்டும். வாசிப்பு இடர்ப்பாட்டுக்கு உளவியல் நிபுணரின் அறிக்கை வேண்டும். சாதாரண கிளினிக் சீட்டு செல்லாது. 1991ல் பதிவான சிங்கப்பூர் டிஸ்லெக்ஸியா சங்கத்திலும், கோலாலம்பூரிலுள்ள மலேசிய டிஸ்லெக்ஸியா சங்கத்திலும் இதுபற்றிக் கலந்து பேசலாம். பார்வைக் குறை உள்ளோர் பிரிக்ஃபீல்ட்ஸிலுள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையும் சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கத்தையும் அணுகலாம். இரண்டுமே 1951ல் தோன்றியவை. உடற்குறையாளர் நலனுக்காக 2013ல் சிங்கப்பூரில் நிறுவிய எஸ்.ஜி. எனேபிள் ஸ்தாபனமும் வழி காட்டும்.

மலேசியாவில் சமூகநல இலாகா ‘ஓ.கே.யு.’ அட்டை வழங்குகிறது. கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், பல குறைகள் என ஏழு வகையில் அது பதியப்படும். அட்டை உள்ளவர் அதன் பிரதியை இணைக்கலாம். ஆனால் அட்டை வகையைச் சொல்லுமேயன்றித் தேவையைச் சொல்லாது. ஆகவே அட்டை இருந்தாலும் வைத்தியர் கடிதம் வேண்டும்.

மூன்று உதாரணங்கள்

மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் மகன் என்று வைத்துக் கொள்வோம். வாயால் கேட்டால் பற்று வரவு அனைத்தையும் பிழையின்றிச் சொல்வான். வினாத்தாளை வாசித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. இவனுக்கு உளவியல் நிபுணரின் அறிக்கையோடு கால்பங்கு மிகை நேரம் கேட்பது பொருத்தம். விடை தெரியாதவனுக்கு 45 நிமிஷம் கூடுதலாகத் தந்தாலும் விடை வந்துவிடாது. தெரிந்தவனுக்கே அது பயன்படும்.

இரண்டாவது, நாணயமாற்றுக் கடையில் வேலை செய்யும் நடுவயதுச் சிப்பந்தி. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கி, கண் இருளும். இவர் மிகை நேரம் கேட்டால், ‘எதற்கு?’ என்ற கேள்வி எழும். கடிகாரத்தை நிறுத்திய ஓய்வு, அளவு பார்க்கும் கருவி, இனிப்பு ஆகியவற்றைக் கேட்டால் தேவையும் கோரிக்கையும் பொருந்தி நிற்கும்.

மூன்றாவது, பார்வை மங்கிய ஒரு பெண். சாதாரண எழுத்தை வாசிக்க முடியாது, பெரிதாக்கினால் வாசிப்பாள். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கும்போது திரையில் சிறு பகுதியே தெரியும். ஐந்தொகைப் பட்டியல் ஒன்றைப் பார்ப்பதற்குத் திரையைப் பலமுறை நகர்த்த வேண்டும். எனவே பெரிய எழுத்து மட்டும் கேட்டால் போதாது. அதனால் உண்டாகும் தாமதத்துக்கு மிகை நேரமும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு குறைக்கு இரண்டு ஏற்பாடு கேட்பது பேராசை ஆகாது, காரணத்தை எழுதிக் காட்டினால்.

தற்காலிகக் குறைக்கும் இடமுண்டு. பரீட்சைக்கு முன் கை முறிந்தவரும், பிரசவித்துப் பாலூட்டும் தாயும் தாமதிக்காமல் ஸ்தாபனத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

மாதிரி விண்ணப்பம்

படிவம் இருந்தால் படிவத்திலேயே எழுத வேண்டும். படிவத்தோடு இணைக்கும் கடிதத்தை இவ்வாறு அமைத்து ஆங்கிலத்தில் எழுதலாம்:

‘பரீட்சை அதிகாரி அவர்களுக்கு,

என் பரீட்சார்த்தி எண் …… வருகிற …… மாதத் தவணையில் …… பாடத்தை …… நகர மையத்தில் எழுத விரும்புகிறேன்.

எனக்கு …… என்னும் குறை உள்ளது. இதனால் வினாவை வாசிக்கப் பிறரைவிட அதிக நேரம் ஆகிறது. பாட அறிவை இது பாதிப்பதில்லை.

ஆகவே (1) கால்பங்கு மிகை நேரமும் (2) தனி அறையும் வேண்டுகிறேன். இவற்றின் அவசியத்தை …… தேதியிட்ட நிபுணர் அறிக்கை விளக்குகிறது, பிரதி இணைத்துள்ளேன்.

தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். மேலும் விவரம் தேவையாயின் உடனே அனுப்புவேன். அனுமதி கிடைத்தபின் மையத்தில் இடம் குறிக்கும் முறையையும் தெரிவிக்கக் கோருகிறேன்.’

கெஞ்சும் சொற்கள் இதில் தேவையில்லை. மிரட்டும் சொற்களும் வேண்டாம். அனுப்பியதன் பிரதியையும் தேதியையும் பத்திரப்படுத்த வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு, மேல் முறையீட்டுக்குள்ள தவணைக்குள் புதிய அத்தாட்சியோடு மீண்டும் எழுத வேண்டும். முதல் மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் கடிதத்தில் விவரம் போதாமையே.

சில சந்தேகங்கள்

‘சான்றிதழில் குறையைக் குறித்து விடுவார்களோ?’ இந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் நுழைவுப் பரீட்சையை நடத்தும் ஸ்தாபனம், மிகை நேரம் பெற்றவரின் மதிப்பெண்ணில் அதைக் குறித்து அனுப்பி வந்தது. 2014ஆம் ஆண்டு நீதிமன்ற ஒப்பந்தத்தின் மூலம் அவ்வழக்கத்தை நிறுத்தவும், 77 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கவும் அது இணங்கியது. சந்தேகம் இருந்தால், ‘சான்றிதழில் ஏதேனும் குறிப்பீர்களா? என் வைத்திய விவரத்தை யார் பார்ப்பார்?’ என்று ஸ்தாபனத்தையே எழுதிக் கேட்கலாம். கேட்பது தவறன்று.

‘ஊரில் தெரிந்தால் கல்யாணப் பேச்சுக்குத் தடை வருமே?’ பெற்றோர் பலர் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி இது. விண்ணப்பம் பரீட்சார்த்திக்கும் ஸ்தாபனத்துக்கும் இடையிலுள்ள காரியம். கடைத்தெருவில் அறிவிக்க வேண்டியதில்லை. அன்றியும், மறைத்து வைத்துத் தொழிலும் இல்லாமல் இருப்பதா, கேட்டுப் பெற்றுச் சொந்தக் காலில் நிற்பதா, எது பிள்ளைக்கு மதிப்பு என்று பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை வயது வந்தவராயின், கேட்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது, நம்முடையதன்று.

‘இதற்குத் தனிக் கட்டணம் உண்டா?’ ஏற்பாட்டுக்காக மேல் கட்டணம் வாங்கலாகாது என்பது அமெரிக்க விதி. ஆனால் நிபுணர் அறிக்கைக்கு ஆகும் செலவு நம்முடையது. வாசிப்பு இடர்ப்பாட்டுப் பரிசோதனைக்கு ஆகும் வெள்ளி, சிறு சம்பளக்காரருக்குப் பாரமே.

வர்த்தகர்களின் பங்கு

அந்தப் பாரத்தில்தான் நம் கடமை தொடங்குகிறது. கல்வி உதவி என்றால் நாம் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் மட்டுமே நினைக்கிறோம். நிபுணர் அறிக்கைக்கான செலவையும் அக்கணக்கில் சேர்க்கலாம். ஒரு தவணைப் பரீட்சைக் கட்டணம் வீணாவதைத் தடுக்கும் செலவு வீண் செலவு ஆகாது.

முதலாளிமார் செய்யக் கூடியவை இன்னும் உண்டு. சிப்பந்தி பரீட்சைக்கு விடுப்புக் கேட்டால், மிகை நேரத்தையும் கணக்கிட்டு விடுப்புத் தரலாம். ‘மூன்று மணிப் பரீட்சைக்கு முழு நாள் எதற்கு?’ என்று கேட்க வேண்டியதில்லை. கடையில் அவருக்குப் பெரிய திரையோ தனி மேஜையோ கொடுத்திருந்தால், அதை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். முன்பு பெற்ற ஏற்பாட்டுக்கு அதுவும் ஓர் அத்தாட்சி. நோயின் பெயரைக் கேட்டுத் துருவ வேண்டாம். சொன்னால் காத்து வைக்க வேண்டும்.

இன்று உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு பரீட்சையில் இரண்டு முறை தவறியவர் யாரேனும் இருந்தால், ‘ஏன் படிக்கவில்லை?’ என்று கேட்பதற்கு முன், ‘எழுதும்போது எங்கே தடைப்படுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை, ‘எழுத்து ஆடுகிறது’ என்றோ, ‘கை மரத்துப் போகிறது’ என்றோ, ‘அறிவிப்பு காதில் விழவில்லை’ என்றோ வருமானால், அடுத்த தவணைக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஸ்தாபனத்தின் படிவத்தை எடுத்து நிரப்பச் செய்யுங்கள். சாக்கைக் கழித்து நிறுத்த பிறகும் எடை குறைந்தால், அப்போது இன்னும் படிக்கச் சொல்லலாம்.